நாற்சொல்லில் ஒரு நாடு

தன் ஊரே உலகம், தன் அறிவே அறிவு என்று செருக்கித் திரிபவனைத் தமிழ் மக்கள் ‘கிணற்றுத் தவளை’ என்பர். அதனைக் கேட்பவர் எவரும், ‘அவன் வாழும் கிணறு எங்குள்ளது?’ என்று வினவுவதில்லை. சொல் தவளையைச் சுட்டினும் பொருள் மனிதனைச் சுட்டுகின்றது. இவ்வாறு தம் நேர்ப்பொருளைக் கடந்து, வழிவழியாக வரும் வேறொரு பொருளைத் தந்து நிற்கும் சொற்சேர்க்கை மரபுத்தொடர் எனப்படும்.

இத்தவளை தமிழ்நாட்டுக் கிணற்றில் மட்டும் வாழ்வதன்று. வடமொழியாளர் அதனைக் ‘கூப மண்டூகம்’ என்பர். சீன நாட்டிலும் அது உண்டு. கிறித்து பிறப்பதற்கு முன்பே தோன்றிய ‘சுவாங்சு’ என்னும் சீன நூலில், பாழ்ங்கிணற்றுத் தவளையொன்று கீழைக்கடல் ஆமையிடம் தன் கிணற்றின் சிறப்பையெல்லாம் விரித்துப் பேசுகின்றது. ஆமை கடலின் பரப்பையும் ஆழத்தையும் எடுத்துரைக்க, தவளை திகைத்து வாயடைத்துப் போகின்றது. மலையும் கடலும் இடையிட்டுக் கிடந்த நாடுகளில், மக்கள் ஒரே சிற்றுயிரைக் கொண்டு ஒரே குற்றத்தைச் சுட்டினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நான்கெழுத்துத் தொடர்

சீன மொழியில் மரபுத்தொடர்கள் மிகப் பல. அவற்றைச் ‘செங்யூ’ என்பர். ‘அமைந்து முடிந்த சொல்’ என்பது அப்பெயரின் பொருள். அவற்றுட் பெரும்பாலன நான்கே எழுத்துக்களால் ஆனவை. நான்கெழுத்தில் ஒரு தொடர் அடங்குமோ என்று ஐயுறல் வேண்டா. தமிழில் ஆ, ஈ, கை, தீ, பூ என்பன ஒவ்வொன்றும் ஓரெழுத்தாய் நின்றே பொருள் தருகின்றன. அவற்றை ஓரெழுத்தொருமொழி என்பது இலக்கண வழக்கு. அத்தகையன நாற்பத்திரண்டு என நன்னூலார் தொகுத்துரைப்பர். பழஞ்சீன மொழியிலோ ஏறத்தாழ எல்லா எழுத்துக்களும் ஓரெழுத்தொருமொழிகளே. ஆதலின் நான்கெழுத்து என்பது நான்கு சொல்லாகும். அந்நான்கு சொல்லுக்குள் ஒரு கதை உறங்கிக் கிடக்கும்.

கதையை அறியாதார்க்குத் தொடர் விளங்காது. ‘கோல் சுமந்து தண்டனை வேண்டல்’ என்று ஒரு தொடர் உண்டு. ‘குதிரையை ஒட்டிவிட்டு நரம்பை இசைத்தல்’ என்று மற்றொரு தொடர் உண்டு. இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ஓசை மிஞ்சுமேயன்றிப் பொருள் கிட்டாது. கதையை அறிந்தார்க்கோ அந்நான்கு சொல்லே போதும். ஆலம் வித்தினுள் ஆலமரம் அடங்கியிருத்தல் போல, அவற்றுள் ஒரு காலமும் அக்காலத்து மாந்தரும் அடங்கியிருத்தலை அவர் காண்பர்.

இத்தொடர்களுட் பல ஒரே நாட்டின் வரலாற்றிலிருந்து எழுந்தவை. அந்நாட்டின் பெயர் ஜாவ். அதன் தலைநகர் ஹாண்டான். அந்நகரம் இன்றும் வடசீனத்தின் ஹெபெய் மாகாணத்தில் உள்ளது. மரபுத்தொடர்களின் தலைநகர் என்று தன்னைச் சொல்லிப் பெருமிதம் கொள்கின்றது. ஜாவ் நாடு வாழ்ந்த வாழ்வையும் வீழ்ந்த வீழ்ச்சியையும் அத்தொடர்களைக் கொண்டே கோத்துக் காணலாம்.

சொல்லே படைக்கலம்

கி.மு. 221ஆம் ஆண்டுக்கு முன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சீன நிலம் ஒரு குடைக்கீழ் இல்லை. சின், சூ, சீ, யென், ஹான், ஜாவ், வேய் என ஏழு பெருநாடுகள் ஒன்றோடொன்று பொருது நின்றன. அதனால் அக்காலத்தைப் ‘போரிடும் நாடுகளின் காலம்’ என்று வரலாற்றாசிரியர் வழங்குவர். ஏழனுள் மேற்கே இருந்த சின் நாடு நாளுக்கு நாள் வலிமை பெற்று வந்தது.

அந்நாளில் வாளேந்திய வீரரைப் போலவே நாவன்மை வாய்ந்த அறிஞரும் நாடுதோறும் சென்றனர். போரை மூட்டவும் அவர் வல்லர், நிறுத்தவும் வல்லர். சினங்கொண்ட அரசன் முன் நின்று, ‘நீ செய்வது தவறு’ என்று நேரே கூறின் தலை தப்பாது. ஆதலின் அவர் கதை கூறினர். கதையைக் கேட்டு அரசன் நகைப்பான். நகைத்தபின் தன்னையே அக்கதையுட் காண்பான். அவ்வுரைகளுட் பல ‘போரிடும் நாடுகளின் சூழ்ச்சியுரைகள்’ என்னும் தொகுப்பிலும், சிமா சியேன் என்னும் பேரறிஞர் எழுதிய ‘வரலாற்றுப் பதிவுகள்’ என்னும் நூலிலும் காக்கப்பட்டுள்ளன. இன்று வழங்கும் மரபுத்தொடர்களுட் பல அவற்றிலிருந்து பிறந்தவையே.

நடை மறந்த இளைஞன்

ஜாவ் நாட்டின் சிறப்பு மிக்க நாளில், ஹாண்டான் நகர மக்களின் நடையழகு அண்டை நாடுகளிலும் பேசப்பட்டது போலும். கிணற்றுத் தவளையின் கதை வரும் பகுதியிலேயே சுவாங்சு நூல் மற்றொரு கதையையும் கூறுகின்றது. யென் நாட்டு ஷோலிங் என்னும் ஊரினன் ஓர் இளைஞன்; அவன் ஹாண்டான் மக்களைப் போல நடக்கக் கற்க விரும்பி அந்நகருக்குச் சென்றான். அவர்களுடைய நடை அவனுக்குக் கைவரவில்லை. அதற்குள் தன் பழைய நடையும் மறந்து போயிற்று. முடிவில் அவன் தவழ்ந்தே ஊர் திரும்பினான்.

‘ஹான் டான் சுவே பூ’ என்பது இக்கதையிற் பிறந்த தொடர். ஹாண்டானில் நடை பயிலல் என்பது அதன் சொற்பொருள். பிறரைக் கண்மூடிப் பின்பற்றித் தன்னிடத்து இருந்ததையும் இழத்தல் என்பது அதன் மரபுப்பொருள். பிறரிடம் கற்றலை இத்தொடர் பழிக்கவில்லை. தனக்கு இயல்பானதைக் கைவிட்டுக் கற்கும் கல்வியையே அது பழிக்கின்றது. ஹாண்டான் நகரில் ‘நடை பயில் பாலம்’ என்னும் பெயருடைய பழங்கற்பாலம் ஒன்று இன்றும் இக்கதையை நினைவூட்டி நிற்கின்றது.

உள்ளானும் சிப்பியும்

கி.மு. 298 முதல் 266 வரை ஜாவ் நாட்டை ஆண்டவன் ஹுய்வென் என்னும் அரசன். அவன் ஒருகால் வடக்கே இருந்த யென் நாட்டின்மேற் படையெடுக்கத் துணிந்தான். அப்போது யென் நாட்டின் பொருட்டுச் சூ தாய் என்னும் நாவலன் அவனைக் கண்டு, வழியிற் கண்டதாக ஒன்றைக் கூறினான்.

யீ என்னும் ஆற்றங்கரையில் ஒரு சிப்பி வாய் திறந்து வெயில் காய்ந்து கொண்டிருந்தது. உள்ளான் என்னும் நீர்ப்பறவை அதன் தசையைக் கொத்தியது. சிப்பி உடனே மூடிக்கொண்டு பறவையின் அலகைப் பற்றியது. ‘இன்றும் நாளையும் மழை பெய்யாவிடின் நீ காய்ந்து மாள்வாய்’ என்றது உள்ளான். ‘இன்றும் நாளையும் உன் அலகு விடுபடாவிடின் மாள்வது நீயே’ என்றது சிப்பி. ஒன்றும் மற்றொன்றை விடவில்லை. அவ்வழியே வந்த மீனவன் இரண்டையும் எளிதாக எடுத்துச் சென்றான்.

இதனைக் கூறிவிட்டுச் சூ தாய், ‘ஜாவ் நாடும் யென் நாடும் பொருது களைத்தால், சின் நாடு அம்மீனவன் ஆகுமோ என்று அஞ்சுகின்றேன்’ என்றான். அரசன் உண்மை உணர்ந்தான், படையெடுப்பைக் கைவிட்டான். எழுந்த போரை ஒரு சிறுகதை நிறுத்தியது. ‘உள்ளானும் சிப்பியும் பொரும், மீனவன் பயன் பெறுவான்’ என்று நான்கும் நான்குமாக எட்டெழுத்தில் அமைந்த தொடர், இன்றும் சீன மக்கள் நாவில் வழங்குகின்றது.

மணியும் கோலும்

அதே ஹுய்வென் அரசனிடம் ஜேடு என்னும் மணிக்கல்லாலான விலைமதிப்பற்ற வட்டம் ஒன்று இருந்தது. கி.மு. 283ஆம் ஆண்டில் சின் நாட்டரசன் தன் பதினைந்து நகரங்களை ஈடாகத் தருவதாகச் சொல்லி அதனைக் கேட்டான். கொடுத்தால் நகரங்கள் வாரா. மறுத்தால் படை வரும். இந்நிலையில் லின் சியாங்ரு என்னும் எளிய குடிப்பிறந்த அறிஞன் அம்மணியுடன் தூது சென்றான். சின் அரசன் மணியைப் பெற்றானேயன்றி நகரங்களைப் பற்றிப் பேச்செடுத்தானில்லை. ‘மணியில் ஒரு குறை உண்டு, காட்டுகின்றேன்’ என்று சொல்லி அதனைத் திரும்பப் பெற்ற லின், அரண்மனைத் தூணருகே நின்றான். தன்னை வற்புறுத்தின் தன் தலையையும் மணியையும் ஒருங்கே தூணில் மோதி உடைப்பதாகக் கூறினான். மணி உடையுமோ என அஞ்சிய அரசன் இணங்கினான். பின்னர் லின் தன் ஏவலன் ஒருவனுக்குக் கந்தை உடுத்தி, மணியை அவனிடம் கொடுத்து மறைவாக நாட்டிற்கு அனுப்பிவிட்டான். ‘வான் பீ குவெய் ஜாவ்’ என்பது இதிற் பிறந்த தொடர். ‘மணி பழுதின்றி ஜாவுக்குத் திரும்பல்’ என்பது அதன் சொற்பொருள். இரவலாகப் பெற்ற ஒன்றைச் சிதையாமல் உரியவரிடம் சேர்க்குங்கால் இன்றும் சீனர் இத்தொடரைக் கூறுவர்.

கி.மு. 279ஆம் ஆண்டில் இரு நாட்டரசரும் சந்தித்த கூட்டத்திலும், லின் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் தன் அரசனுடைய மானத்தைக் காத்தான். அதனால் அவனுக்கு மிக உயர்ந்த பதவி கிடைத்தது. அது லியான் போ என்னும் பெரும்படைத்தலைவனுக்குப் பொறுக்கவில்லை. ‘யான் களத்திற் குருதி சிந்திப் பெற்றதனினும் உயர்ந்த இடத்தை, இவன் நாவை அசைத்துப் பெற்றானே! கண்ட இடத்தில் இவனை இழிவு செய்வேன்’ என்று அவன் பலரறியக் கூறினான்.

லின் அதனைக் கேட்டான். அன்று முதல் லியான் போ வரும் நாளில் நோய் என்று சொல்லி அவைக்குச் செல்லாது தவிர்த்தான். தெருவில் அவன் தேர் எதிர்ப்படின் தன் தேரை வேறு வழியே திருப்பச் செய்தான். லின்னை அண்டி வாழ்ந்தோர் நாணமுற்று, ‘இத்தகைய கோழையிடம் இனி இரோம்’ என்றனர். லின் அமைதியாக விடை கூறினான்: ‘சின் அரசனை அவன் அவையிலேயே எதிர்த்தவன் லியான் போவுக்கு அஞ்சுவேனோ? எம் இருவரையும் கருதியே சின் நாடு இங்கே படையெடுக்காது இருக்கின்றது. புலியிரண்டு பொருதால் இரண்டும் உயிர் பிழையா. நாட்டின் இடர் முன். என் தனிப்பகை பின்.’

இச்சொல் லியான் போவின் செவியை எட்டியது. முதுபெரும் வீரன் அவன்; வாளால் தோல்வி காணாதவன்; இச்சொல்லாற் தோற்றான். மேலாடையைக் களைந்து, குற்றவாளியை அடிக்கும் கோலைத் தன் முதுகிற் கட்டிச் சுமந்து, லின்னின் வாயிலுக்கு நடந்தே சென்றான். தன்னை ஒறுக்குமாறு வேண்டினான். இருவரும் அன்று முதல், ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுக்கும் நண்பராயினர்.

‘ஃபூ ஜிங் சிங் சுய்’ என்னும் தொடரின் கதை இதுவே. ‘ஜிங்’ என்னும் சொல்லைச் சிலர் முட்கோல் என மொழிபெயர்ப்பர். உண்மையில் அது நொச்சி இனத்துச் செடி. தமிழ் மரபில் நொச்சி, மதில் காக்கும் வீரர் சூடும் பூவாகும். ஜாவ் நாட்டின் மதில் போன்றவன் லியான் போ. அவன் முதுகில் நொச்சிக்கோல் அமைந்தது பொருத்தமே. தன் பிழையை உணர்ந்து, மறைக்காமல், தானே சென்று பொறுத்தருள வேண்டுதலை இத்தொடர் குறிக்கும். அதனைக் கூறுவார், பிழையை ஒப்புதல் இழிவு என்று எண்ணமாட்டார். வீரத்துள் ஒன்று என்றே எண்ணுவர்.

ஒட்டிய குதிரைகள்

ஹுய்வென் மறைந்தான். அவன் மகன் சியாவ்செங் அரசனானான். சாங்பிங் என்னும் இடத்தில் சின் படையும் ஜாவ் படையும் எதிர்நின்றன. ஜாவ் படைக்குத் தலைவன் லியான் போ. பகைவர் தொலைவிலிருந்து வந்தவர். அவருக்கு உணவு குறையும் என்று அறிந்த அவன், அரண் அமைத்து வெளிப்போதாது காத்திருந்தான். சின் நாட்டார் பொன்னை இறைத்து ஒரு வதந்தியைப் பரப்பினர்: ‘சின் அஞ்சுவது கிழவன் லியான் போவுக்கு அன்று, ஜாவ் குவோ படைத்தலைவன் ஆவானோ என்றே அஞ்சுகின்றது.’

ஜாவ் குவோ புகழ்பெற்ற படைத்தலைவன் ஒருவனின் மகன். இளமை முதல் போர்நூல்களைக் கற்றவன். சொற்போரில் அவன் தந்தையும் அவனை வெல்ல இயலவில்லை. ஆயினும் தந்தை அவனை ஒருநாளும் பாராட்டினானில்லை. உயிரும் சாவும் அடங்கிய போரை இவன் எளிதாகப் பேசுகின்றான் என்பதே தந்தையின் கவலை.

அரசன் வதந்தியை நம்பினான். நோயுற்றுக் கிடந்த லின் சியாங்ரு அவனைத் தடுக்க முயன்றான். ‘பெயரைக் கேட்டு இவனைத் தேர்தல், குதிரைகளைப் பசையிட்டு ஒட்டிவிட்டுச் சே வாசிப்பது போலும்’ என்றான். ‘சே’ என்பது பழஞ்சீன நரம்புக் கருவி. வீணையில் நரம்பைத் தாங்கும் கட்டையைக் ‘குதிரை’ என்பது இசைவாணர் வழக்கு. சேயில் ஒவ்வொரு நரம்பின் கீழும் நகர்த்தத்தக்க குதிரை ஒன்று உண்டு. அதனை நகர்த்தியே சுருதி சேர்ப்பர். ஒட்டிவிட்டால் சுருதி மாற்ற இயலாது. நூலிற் கற்றதைக் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப மாற்றி ஆளத் தெரியாதவனை ‘ஜியாவ் ஜூ கூ சே’ என்னும் இத்தொடர் இன்றும் சுட்டுகின்றது.

ஜாவ் குவோவின் தாயும் அரசனுக்கு ஓலை விடுத்தாள். தன் கணவர் அரசன் அளித்த பரிசுகளைப் படைவீரருக்குப் பகிர்ந்தளித்ததையும், படைத்தலைமை ஏற்ற நாளிலிருந்து வீட்டைப் பற்றி எண்ணாமல் இருந்ததையும் எடுத்துரைத்தாள். தன் மகனோ கிடைத்த பொன்னை வீட்டிற் சேர்த்துவைத்து, வாங்குவதற்கு நிலம் தேடுகின்றான் என்று வருந்தினாள். அரசன் இணங்கவில்லை. ‘அங்ஙனமாயின் அவன் தோற்றால் அக்குற்றம் என்னைச் சாரலாகாது’ என்று வேண்டினாள். பெற்ற தாய் தன் மகனுக்கு எதிராகச் சான்று கூறுவது எளிதோ? அவள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! அரசன் அவ்வேண்டுகோளை மட்டும் ஏற்றான்.

கி.மு. 260ஆம் ஆண்டில் ஜாவ் குவோ படைத்தலைமை ஏற்றான், அரணை விட்டு வெளிப்போந்து தாக்கினான், சூழப்பட்டான். நாற்பத்தாறு நாள் படைக்கு உணவில்லை. ஜாவ் குவோ அம்பு பட்டு மாண்டான். அடைக்கலம் புகுந்த வீரரைச் சின் படைத்தலைவன் பாய் சீ கொன்று புதைத்தான். மாண்டவர் மொத்தம் நாலரை இலட்சம் என்று சிமா சியேன் எழுதுகின்றார். இளையோர் 240 பேரே ஊர் திரும்பினர் என்றும் அவர் கூறுவர். பழநூல்களின் எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம். ஆயினும் நிகழ்ச்சி பொய்யன்று. 1995ஆம் ஆண்டில் ஷான்சி மாகாணத்துக் காவ்பிங் பகுதியில், யொங்லு என்னும் ஊரில், அப்போரில் மாண்டவர் எலும்புகள் குவிந்த குழி ஒன்றைத் தொல்லியலார் அகழ்ந்து கண்டனர்.

ஜாவ் குவோவின் பெயரோடு இன்று இணைத்து வழங்கும் தொடர் ‘ஜி ஷாங் தான் பிங்’ என்பது. ‘தாளின்மேற் போரைப் பேசல்’ என்பது அதன் பொருள். செயலறிவு இன்றி ஏட்டறிவு கொண்டு பேசுவாரை அது குறிக்கும். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஜாவ் குவோவின் நாளில் சீனத்தில் தாளில் எழுதும் வழக்கம் இல்லை. மூங்கிற் பட்டைகளிலேயே எழுதினர். எனவே கதை பழையது. தொடரோ பின்னாளில் எழுந்தது. பிற்காலத்தார் தம் கையிலிருந்த தாளைக் கொண்டு முற்காலத்துத் துன்பத்திற்குப் பெயரிட்டனர். மரபுத்தொடரை ஆராய்வார் அது குறிக்கும் நிகழ்ச்சியின் காலத்தையும் அச்சொல் அமைந்த காலத்தையும் வேறுவேறாக அறிதல் வேண்டும்.

பையில் இட்ட குத்தூசி

வென்ற சின் படை கி.மு. 259ஆம் ஆண்டில் ஹாண்டானையே வளைத்தது. அரசன் உறவினனாகிய பிங்யுவான் என்னும் பெருமகன், சூ நாட்டின் துணை நாடிப் புறப்பட்டான். அவன் இருபதின்மரை உடன் அழைத்துச் செல்ல எண்ணினான், பத்தொன்பதின்மரே தேறினர். அப்போது மாவ் சுய் என்னும் ஒருவன் முன்வந்து, ‘என்னை அழைத்துச் செல்க’ என்றான். ‘நீ என்னிடம் எத்துணை ஆண்டு உள்ளாய்?’ என்றான் தலைவன். ‘மூன்று ஆண்டு.’ ‘பையில் இட்ட குத்தூசியின் முனை உடனே வெளியே தெரியும். மூன்று ஆண்டாகியும் உன் திறத்தை ஒருவரும் சொல்லக் கேட்டிலேன்’ என்று அவன் மறுத்தான். மாவ் சுய், ‘இன்றே என்னைப் பையில் இடுமாறு கேட்கின்றேன். முன்பே இட்டிருந்தால் முனை மட்டுமோ, ஊசி முழுதுமே வெளிவந்திருக்கும்’ என்றான்.

சூ அரசனுடன் பேச்சு காலை தொடங்கி நண்பகல் வரை முடிவின்றி நீண்டது. மாவ் சுய் வாளின்மேற் கை வைத்துப் படியேறினான்; சூ நாடு முன்பு சின்னிடம் பட்ட இழிவை எடுத்துரைத்தான்; இவ்வுடன்படிக்கை ஜாவின் நலத்தினும் சூவின் நலத்திற்கே உரியது என்று விளக்கினான். அரசன் உடன்பட்டான். சூ நாட்டுப் படையும் வேய் நாட்டுப் படையும் வந்து சேர, கி.மு. 257இல் முற்றுகை நீங்கியது. ‘மாவ் சுய் தன்னைத் தானே முன்மொழிதல்’ என்றும், ‘முனை வெளிப்பட்டுத் தோன்றல்’ என்றும் இரு தொடர்கள் இந்நிகழ்ச்சியில் எழுந்தன. இடர் வந்த பொழுது அழைப்பை எதிர்பாராது கடமைக்கு முன்வருவானையும், மறைந்திருந்த திறம் விளங்கித் தோன்றுவானையும் அவை குறிக்கும்.

அரிய சரக்கு

இத்துணை இடர்க்கும் இடையே, ஹாண்டான் நகருக்குள்ளேயே அதன் ஊழ் வளர்ந்து கொண்டிருந்தது. சின் அரசனின் பேரன் ஒருவன் அந்நகரில் பிணையாக வைக்கப்பட்டிருந்தான். அவனைப் போற்றுவார் இலர். லூ புவெய் என்னும் பெருவணிகன் அவனைக் கண்டு, ‘இஃது அரிய சரக்கு; வாங்கி வைக்கத்தக்கது’ என்று எண்ணினான்; தன் பொருளைக் கொட்டி அவனைச் சின் நாட்டு அரியணைக்கு உரியவனாக்கினான். பின்னாளில் விலையேறும் என்று ஒன்றைப் பதுக்கி வைத்தலை ‘அரிய சரக்கு’ என்னும் அத்தொடராலேயே சீனர் இன்றும் குறிப்பர்.

அப்பிணையாளியின் மகன் கி.மு. 259இல் ஹாண்டானில் பிறந்தான். அவனே செங் என்பான். பின்னாளில் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதற்பேரரசன். மீனவன், சிப்பி கிடந்த கரையிலேயே பிறந்தான்.

ஜாவ் நாடு பட்டும் தெளியவில்லை. சாங்பிங்கில் ஆடவர் மாண்டனர் என்று கண்டு யென் நாடு ஜாவின்மேற் பாய்ந்தது. பின்னர் ஜாவும் யென்னின்மேற் பாய்ந்தது. கி.மு. 236இல் ஜாவ் படை யென் நாட்டில் நகரங்களைப் பற்றிக் கொண்டிருந்த வேளையில், சின் படை பின்னிருந்து ஜாவின் நகரங்களைப் பற்றியது. லீ மூ என்னும் சிறந்த படைத்தலைவனைச் சின்னின் பொன்னுக்கு விலைபோன ஒருவனின் கோட்சொல்லைக் கேட்டு ஜாவ் அரசன் கொல்வித்தான். மறு ஆண்டே, கி.மு. 228இல், ஹாண்டான் வீழ்ந்தது. எஞ்சிய சிறு பகுதி கி.மு. 222இல் வீழ்ந்தது. யென் நாடு முற்றும் அழிந்ததும் அதே ஆண்டில்தான். உள்ளானையும் சிப்பியையும் மீனவன் ஒருங்கே எடுத்துக் கொண்டான்.

எஞ்சியவை

ஜாவ் நாட்டார்க்கு அறிவுரை கூறுவார் இல்லாமற் போகவில்லை. சூ தாய் கூறினான், தந்தை கேட்டான், போர் நின்றது. லின் கூறினான், ஒரு தாய் கூறினாள், மகன் கேட்டானில்லை, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இரு வேளையிலும் சொல் தன் கடமையைச் செய்தது. வேறுபட்டது செவியே.

ஜாவ் நாடு மறைந்து 2,200 ஆண்டுகளுக்கு மேலாயின. அந்நாட்டு மணி இன்று எங்கும் இல்லை. அதற்கு ஈடாகச் சொன்ன பதினைந்து நகரங்களை நினைப்பாரும் இலர். ஆயினும் லின் சியாங்ரு தன் தேரைத் திருப்பியதாகச் சொல்லப்படும் குறுந்தெரு, ‘தேர் திருப்பிய சந்து’ என்னும் பெயரோடு ஹாண்டானில் உள்ளது. பள்ளிச் சிறுவர் லியான் போவின் கோலையும் மாவ் சுய்யின் குத்தூசியையும் பாடமாகக் கற்கின்றனர். வீட்டில் சண்டையிடும் உடன்பிறந்தாரைப் பார்த்துப் பெரியோர் உள்ளானையும் சிப்பியையும் நினைவூட்டுகின்றனர். வென்ற நாட்டின் பேரரசு கி.மு. 206இல் முடிந்தது. தோற்ற நாட்டின் சொற்கள் முடியவில்லை.

மரபுத்தொடரைப் பேச்சிற்கு அணியாக மட்டும் கருதுதல் தகாது. ஒவ்வொரு தொடரின் பின்னும் யாரோ ஒருவர் அறிந்த துன்பமும், அத்துன்பம் பின்வருவார்க்கு வரலாகாது என்னும் அருளும் உண்டு. எந்த மொழியின் தொடராயினும், அதன் கதையைத் தேடி அறிந்து, தக்க இடத்தில் வழங்குதல் கற்றவர் கடன். பிறர் அதனைத் தமக்குக் கூறுங்கால், வேளை தவறாமற் செவி கொடுத்தல் அதனினும் பெரிய கடன் என்பதை மாணவர் உள்ளத்திற் கொள்வாராக.